தோரா வாசிப்பவர் கையில் இருக்க வேண்டிய திக்குன்: வாங்கும்முன் பார்க்க வேண்டியவை

யூத வேதத்தின் முதல் ஐந்து நூல்களான தோராவை ஜெபக்கூடத்தில் எபிரேயச் சுருளிலிருந்து ராகத்தோடு வாசிப்பார்கள். அந்தச் சுருளில் உயிர்க்குறிகள் இல்லை, ராகக்குறிகள் இல்லை. வசனம் முடியும் இடத்தைக் காட்டவும் எதுவும் இல்லை. வாசிப்பவர் இவை அத்தனையையும் மனத்தில் ஏற்றிக்கொண்டுதான் சபையின் முன் நிற்க வேண்டும். பொருள் மாறும்படி ஒரு சொல்லைத் தவறவிட்டால் அங்கேயே திருத்துவார்கள், அவர் அதைத் திரும்ப வாசிக்க வேண்டும். இதற்கான பயிற்சிப் புத்தகம்தான் திக்குன். ஒரே பகுதி அதில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பத்திகளாக இருக்கும்: ஒன்றில் எல்லாக் குறிகளும், மற்றதில் சுருளில் உள்ளபடி வெறும் எழுத்தும்.

தரத்தை முடிவு செய்வது அழுத்தக்குறிதான். ஆதியாகமம் 29:6-இல் ராகேல் ‘வருகிறாள்’, 29:9-இல் ‘வந்தாள்’. இரண்டிடத்திலும் சொல் ‘பாஆ’தான். முதலாவதில் அழுத்தம் கடைசி அசையில், இரண்டாவதில் முதல் அசையில். ராகக்குறி பெரும்பாலும் அழுத்தம் விழும் அசையிலேயே நிற்பதால் கண்ணுக்குத் தெரிந்துவிடும். ஆனால் சர்க்கா, செகோல், தெலிஷா போன்ற ராகக்குறிகள் சொல்லின் முதலிலோ கடைசியிலோதான் நிற்கும். அழுத்தம் வேறு அசையில் இருந்தால் நல்ல பதிப்புகள் அங்கும் அதே குறியை மீண்டும் போடுகின்றன. ஒலிக்கும் ஷ்வா, குறுகிய காமட்ஸ் என்ற உயிர்க்குறிகளையும் தனி வடிவில் காட்டுகின்றன. இவை இல்லாத மலிவுப் பதிப்பை வாங்க வேண்டாம். தவறாகப் பதிந்த அழுத்தத்தை மாற்றுவது புதிதாகக் கற்பதைவிடக் கடினம்.

பத்துக் கட்டளைகளுக்கு, கட்டளை வாரியாகப் பிரிப்பது, வசன வாரியாகப் பிரிப்பது என்ற இரண்டு ராக அமைப்புகளும் உண்டா என்று பாருங்கள். எழுத்து ஒன்று, வாசிப்பு வேறு என்ற இடங்களையும் சோதியுங்கள்: உபாகமம் 22:15-இல் ‘நஅர்’ என்று எழுதியிருப்பதை ‘நஅரா’ என்று வாசிக்க வேண்டும்.

பெரும்பாலான பதிப்புகள் 245 பத்திகள், பத்திக்கு 42 வரிகள் என்ற இன்றைய சுருள் அமைப்பையே பின்பற்றுகின்றன. சொல் நிற்கும் இடமே நினைவுக்குத் துணையாவதால் இது பெரிய பலம். பழைய சுருள்களில் வரிகள் வேறாக விழலாம், அப்போது இடநினைவு காலை வாரிவிடும். ஆகவே வாசிக்கப்போகும் சுருளையே முன்னதாக ஒருமுறை திறந்து பார்த்துவிட வேண்டும்.

இரண்டு பத்திகளும் அருகருகே இருப்பதுதான் திக்குனின் குறை. கண் தானாகக் குறியுள்ள பக்கம் ஓடும், தெரிந்துவிட்டது என்ற பொய்யான நம்பிக்கை வரும். ஓர் அட்டையால் அதை மூடிவிட்டு, மூன்று நான்கு வரிகளாக வெறும் எழுத்தில் பாடுங்கள். தடுக்கினால் வசனத்தின் தொடக்கத்திலிருந்து மறுபடியும்.

ராகத்தைத் திக்குன் கற்றுத்தராது. ஒரே குறியை ஐரோப்பிய மரபு யூதரான அஷ்கெநாசியர் ஒரு விதமாகவும் யேமன் யூதர் வேறு விதமாகவும் பாடுவார்கள், அதற்கு ஆசிரியரோ ஒலிப்பதிவோ வேண்டும். தோராவுக்குப் பின் வாசிக்கும் தீர்க்கதரிசிகளின் பகுதியான ஹஃப்தாராவை மட்டும் வாசிப்பவர் இதற்குச் செலவழிக்க வேண்டியதில்லை. பெரும்பாலான சபைகளில் அதைக் குறிகளுள்ள அச்சுப் புத்தகத்திலிருந்தே வாசிக்கிறார்கள்.