கால்பந்தில் எது சிறந்த கோல்: ஜிடானின் வாலியா (பந்து தரையில் படுமுன்பே அடிப்பது), பேலின் பைசைக்கிள் கிக்கா?

இரண்டுமே ஸ்பெயினின் ரியல் மாட்ரிட் அணிக்காக, இரண்டுமே ஐரோப்பிய கிளப்புகளின் சாம்பியன்ஸ் லீக் இறுதிப் போட்டியில், இரண்டிலும் அப்போது ஸ்கோர் 1-1.

2002, கிளாஸ்கோ, ஜெர்மனியின் லெவர்குசன் அணிக்கு எதிராக. இடைவேளை நெருங்கும் நேரத்தில் ராபர்டோ கார்லோஸ் பந்தை அவசரமாக மேலே தூக்கிவிடுகிறார், அதைப் பாஸ் என்று சொல்வதே பெருந்தன்மை. உயரத்திலிருந்து இறங்கும் அந்தப் பந்துக்காக ஜிடான் அசையாமல் காத்திருந்து, உடம்பைத் திருப்பி, இடுப்பு உயரத்திலேயே, அதுவும் தன் பலமில்லாத இடது காலால் ஒரே அடி. வலையின் மேல் பகுதியில் போய் விழுந்தது.

2018, கீவ், எதிரே லிவர்பூல். மாற்று வீரராக இறங்கிய பேல், சில நிமிடங்களிலேயே மார்செலோவின் கிராஸை அந்தரத்தில் தலைகீழாகப் பறந்து உதைத்தார். அன்று ரியலின் கோச்சாக நின்ற ஜிடானே தலையில் கை வைத்துவிட்டார்!

பார்க்க மிரட்டல் பேல்தான், சரி. என் ஓட்டு ஆனால் ஜிடானுக்கு. பேலுக்கு யோசிக்கவே நேரமில்லை, ஜிடானுக்கோ பதறிப்போகும் அளவுக்கு நேரம் இருந்தது. அப்புறம், பேல் இன்னொன்றும் அடித்து 3-1 ஆக்கினார். கிளாஸ்கோவில் கோப்பையைத் தீர்மானித்ததே அந்த ஒரு வாலிதான்.