மாடி அறையில் பாட்டு நிற்காமல் ஓட: மூன்று வருட வைஃபை அனுபவம்

பாட்டு நடுவில் நின்று, வட்டம் சுற்றி, மறுபடி வந்தால் பலரும் முதலில் செய்வது பிளானை ஏற்றுவதுதான். 100 மெகாபிட் 300 ஆகும், மாதக் கட்டணம் கூடும், பாட்டு அதே இடத்தில் அதேபோல் நிற்கும். ஸ்பாட்டிஃபையின் 'மிக உயர்' தரத்துக்கு வினாடிக்கு 320 கிலோபிட் போதும். சுருக்காத சிடி தரத்துக்கு 1,411 கிலோபிட். 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் ஹைரெஸ் கூட, சுருக்காமல் அனுப்பினால் 9.2 மெகாபிட்தான். ஆக, பாட்டுக்கு வேகம் பிரச்சினையே இல்லை. ஸ்பீக்கரில் சேர்த்து வைத்திருக்கும் சில நொடித் தரவு தீர்வதற்குள் அடுத்தது வந்து சேர வேண்டும், அவ்வளவுதான். கீழே சொல்வதெல்லாம் அந்த இடைவெளியை அடைத்த கதை.

வீட்டு அமைப்பு நம் ஊரில் சாதாரணமாகக் காணக்கூடியது. கீழ்த்தள ஹாலில், தெருப்பக்கச் சுவரோரம், ஷூ ரேக் மேல் ஃபைபர்காரர் வைத்துவிட்டுப் போன ஓஎன்டி, அதாவது ஃபைபரில் வரும் வெளிச்சத்தை இணையமாக்கி வைஃபையும் தரும் ரவுட்டர் பெட்டி. மாடிப் படுக்கையறையில் வைஃபை ஸ்பீக்கர். நடுவில் 9 அங்குலச் செங்கல் சுவர் இரண்டு, கம்பி கட்டிய கான்கிரீட் தளம், போதாததற்கு ஒரு இரும்பு பீரோ. ஆண்ட்ராய்டு போனில் ஏதாவது ஒரு வைஃபை அனலைசர் ஆப் போட்டால் சிக்னலின் பலம் டிபிஎம் கணக்கில் தெரியும்; மைனஸ் எண்தான், பூஜ்ஜியத்துக்கு நெருங்க நெருங்க பலம் அதிகம். ஐபோன் என்றால் ஏர்போர்ட் யுடிலிட்டி ஆப்பின் செட்டிங்கில் வைஃபை ஸ்கேனரை இயக்க வேண்டும். ஓஎன்டி பக்கத்தில் -42. மாடி ஸ்பீக்கர் இருக்கும் இடத்தில், வைஃபையின் இரண்டு அலைவரிசைகளில் 2.4 கிகாஹெர்ட்ஸில் -76, 5 கிகாஹெர்ட்ஸில் வைஃபை பெயரே தெரியவில்லை. ஒவ்வொரு 3 டிபி குறையும்போதும் சக்தி பாதியாகிறது என்பதை நினைவில் வைத்தால் இந்த எண்களின் கனம் புரியும். தடையில்லாத இசைக்கு -67க்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்வது நல்லது.

போனில் தெரியும் கோடுகளை நம்ப வேண்டாம். 192.168.1.1 போன்ற ரவுட்டர் முகவரிக்கு ஒரு 200 பிங் (பதில் வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்க்கும் சிறு செய்தி) அனுப்பிப் பாருங்கள். கீழே 3, 4 மில்லிசெகண்டில் பதில் வந்தது. மாடியில் 5, 7, 340, 12, 610, அப்புறம் இரண்டு பதில் காணவே இல்லை. பாட்டு நிற்பதற்குக் காரணம் இந்த 610தான். ஸ்பீடு டெஸ்ட் இதைக் காட்டாது.

காசு செலவில்லாமல் செய்ய முடிந்தவை முதலில். ஓஎன்டியை ஷூ ரேக்கிலிருந்து எடுத்து 6 அடி உயரத்தில், பீரோவின் நிழல் விழாத சுவரில் மாட்டியதில் மாடியில் 6 டிபி கூடியது. இடம் மாற்றும்போது மெல்லிய ஃபைபர் வயரை இறுக்கி மடிக்கக் கூடாது, வளைவில் வெளிச்சம் கசிந்து, ஃபைபர் சிக்னல் இல்லை என்று காட்டும் எல்ஓஎஸ் விளக்கு சிவப்பாக எரியும். ஆன்டெனா நட்டுக்குத்தாக நின்றால் சிக்னல் பக்கவாட்டில்தான் பரவும், அதன் நுனி காட்டும் திசையில் மிகக் குறைவு. மாடிக்கு வேண்டுமென்றால் ஒன்றைப் படுக்கவைத்துப் பாருங்கள். 2.4 கிகாஹெர்ட்ஸில் சேனல் அகலம் 20 மெகாஹெர்ட்ஸ், சேனல் 1, 6, 11 மூன்றில் ஒன்று. 'ஆட்டோ'வில் விட்டால் சில ரவுட்டர்கள் 3, 4 என்று போய் உட்கார்ந்து, இரண்டு பக்கத்து வீட்டுக்காரர்களோடும் மோதும். 5 கிகாஹெர்ட்ஸில் 36 முதல் 48 வரையுள்ள சேனல்கள் நிம்மதி. 52 முதல் 144 வரை ரேடாருக்கு வழிவிட வேண்டியவை. அங்கே ரேடார் தென்பட்டதாக ரவுட்டர் நினைத்தால் வேறு சேனலுக்குத் தாவும். தாவிய இடமும் அதே வகை என்றால், காலியா என்று குறைந்தது ஒரு நிமிடம் கேட்டுவிட்டுத்தான் பேச ஆரம்பிக்கும். அந்த நேரம் பாட்டும் இல்லை.

இத்தனைக்கும் பிறகு -70. பரவாயில்லை, ஆனால் மைக்ரோவேவ் ஓடும்போதெல்லாம் நின்றது. அதுவும் 2.45 கிகாஹெர்ட்ஸ் அருகில்தான் இரைகிறது.

அடுத்து ஆறு மாதம் ஓடியது ரிப்பீட்டர். வாங்க வேண்டாம் என்பதே எங்கள் தீர்ப்பு. ஒரே ரேடியோவில் கேட்டதை அதே சேனலில் திருப்பிச் சொல்வதால் வேகம் பாதியாகும், அதைப் பாட்டு பொறுத்துக்கொள்ளும். பொறுக்காதது தாமதத்தின் ஏற்ற இறக்கத்தை. பலர் செய்யும் தவறு, சிக்னல் செத்த அறையிலேயே ரிப்பீட்டரைச் செருகுவது. போனில் எல்லாக் கோடும் தெரியும், பாட்டு வராது. ரிப்பீட்டருக்கே சிக்னல் -60 அளவில் கிடைக்கும் இடத்தில், அதாவது மாடிப்படி நடுவில், அது இருக்க வேண்டும். அங்கே பிளக் பாயின்ட் இருக்காது! மின்சார வயரிலேயே இணையம் கொண்டுபோகும் பவர்லைன் அடாப்டரும் நம் மூன்று பேஸ் வீடுகளில் சந்தேகம்தான். கீழே ஒரு பேஸ், மாடியில் வேறொன்று என்றால் இணைப்பு நொண்டும்.

தீர்த்து வைத்தது 18 மீட்டர் கேட்6 நெட்வொர்க் கேபிளும் அலமாரியில் தூங்கிய ஒரு பழைய ரவுட்டரும். ஏசி பைப் போகும் ஓட்டை வழியே வெளியே எடுத்து, சன்ஷேடு ஓரமாக ஏற்றி, மாடி ஜன்னல் ஃப்ரேமில் உள்ளே. வெளியே போவதால் வெயில் தாங்கும் அவுட்டோர் உறை வேண்டும். உள்ளே நுழையும் இடத்துக்குக் கீழே கேபிளை ஒரு தொங்கலாக விட்டால் மழைத் தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும். கரன்ட் வயர் ஓடும் பைப்பிலேயே இதையும் நுழைக்க எலக்ட்ரீஷியன் ஆசைப்படுவார், விடாதீர்கள்.

கேபிள் வாங்கும்போது ஒரு முனையைச் சீவி உள்கம்பியைக் கத்தியால் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது தாமிரப் பூச்சு பூசிய அலுமினியம். இன்று வேலை செய்யும், இரண்டு மழைக்குப் பிறகு கிரிம்ப் செய்த, அதாவது பிளக்கை அழுத்திக் கடிக்கவைத்த, இடத்தில் ஆக்சைடு ஏறி விட்டுவிட்டு வரும். முழுத் தாமிரம் சுரண்டினாலும் சிவப்புதான். கிரிம்ப் வரிசை, கிளிப் கீழே இருக்கும்படி பிடித்து இடமிருந்து: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பிரவுன், பிரவுன். இரண்டு முனையிலும் இதே. முறுக்கை அரை அங்குலத்துக்கு மேல் பிரிக்கக் கூடாது. வெளி உறை பிளக்குக்குள் நுழைந்து கடிபட வேண்டும், இல்லையென்றால் ஒரு இழுப்பில் கழன்றுவிடும். நீல ஜோடியோ பிரவுன் ஜோடியோ விட்டுப்போனால் கிகாபிட் இணைப்பு 100 மெகாபிட்டுக்கு இறங்கும். பாட்டுக்கு அதுவே தாராளம், ஆனால் கிரிம்ப் சரியில்லை என்பதற்கு அது அடையாளம்.

பழைய ரவுட்டரை அக்சஸ் பாயின்ட் (கேபிளில் வருவதை வைஃபையாகத் தருவது மட்டுமே வேலை) ஆக்கும் வரிசை முக்கியம். முதலில் அதை மட்டும் லேப்டாப்போடு இணைத்து, லான் (வீட்டுக்குள் உள்ள நெட்வொர்க்) முகவரியை 192.168.1.2 என்று மாற்றவும். ஓஎன்டி 192.168.1.1 என்றால் இரண்டும் மோதாமல் இருக்க இது. பிறகு டிஹெச்சிபியை (சாதனங்களுக்கு முகவரி கொடுக்கும் வேலை) அணைக்கவும். கேபிளை லான் போர்ட்டில் செருகவும், வெளி இணையத்துக்கான வான் போர்ட்டில் அல்ல. வானில் செருகினால் மாடி தனி நெட்வொர்க் ஆகி, கீழே இருக்கும் போனுக்கு மேலே இருக்கும் ஸ்பீக்கர் தெரியாது. கீழே சேனல் 1, மேலே 11. வைஃபை பெயரும் பாஸ்வேர்டும் ஒன்றே வைத்தோம். ஆனால் ஸ்பீக்கர் பிடிவாதமாகக் கீழே உள்ளதையே பிடித்துக்கொண்டிருந்ததால் இரண்டின் சக்தியையும் நடுத்தரத்துக்குக் குறைத்தோம். ஓஎன்டி கத்துவது ஸ்பீக்கருக்குக் கேட்கும், ஸ்பீக்கரின் சன்னக் குரல் ஓஎன்டிக்குக் கேட்காது. முழுச் சக்தி வைப்பதால் வரும் வம்பு இது.

இப்போது மாடியில் -48, பிங் 3 முதல் 6. சுவரில் கை வைக்க முடியாத வாடகை வீட்டில் மெஷ் (பல யூனிட்டுகள் சேர்ந்து ஒரே வைஃபையாக இயங்குவது) வாங்கலாம். யூனிட்டுகள் தங்களுக்குள் பேசத் தனி பேண்ட் உள்ள மாடலாகப் பாருங்கள்.

சிக்னல் நன்றாக இருந்தும் பாட்டு நின்றால் வேறு இடத்தில் தேட வேண்டும். ஸ்பீக்கர் கெஸ்ட் நெட்வொர்க்கில் இருந்தாலோ, ஏபி ஐசொலேஷன் (சாதனங்கள் ஒன்றையொன்று பார்க்காமல் தடுக்கும் வசதி) இயங்கினாலோ போன் அதைக் கண்டுபிடிக்காது. வைஃபை பாதுகாப்பை டபிள்யூபிஏ3 மட்டும் என்று வைத்தால் பழைய ஸ்பீக்கர்கள் சேராது. ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினியில் இசை சர்வர் ஓட்டுபவர்கள் வைஃபை பவர் சேவை அணைக்கவும். அதன் யுஎஸ்பி 3 போர்ட்டில் ஹார்ட் டிஸ்க் இருந்தால் அந்த இரைச்சலே 2.4 கிகாஹெர்ட்ஸைக் கெடுக்கும், ஒரு முழ வயர் விட்டுத் தள்ளி வையுங்கள்.

மூன்று வருடத்தில் கேபிள் ஒருமுறைகூடத் தொல்லை தரவில்லை. தொல்லை தந்தது கரன்ட். இன்வர்ட்டர் மாறும் அந்தக் கணத்தில் ஓஎன்டி அணைந்து, திரும்ப எழ மூன்று நிமிடம். இன்வர்ட்டரின் பின்புறச் சுவிட்சை யுபிஎஸ் மோடுக்கு மாற்றியதும் பாதி சரியானது. மீதியை 12 வோல்ட் மினி யுபிஎஸ் பார்த்துக்கொண்டது. வாங்குமுன் அடாப்டரில் உள்ள வோல்ட், ஆம்ப் இரண்டையும் படியுங்கள். பழைய ரவுட்டர் 9 வோல்ட் என்றால் அதே முனையைச் செருகிவிடாதீர்கள், எரிந்துபோகும்.

இரண்டாவது கோடையில் மாடி ரவுட்டர் மதியம் மட்டும் தானாக ரீஸ்டார்ட் ஆனது. குற்றவாளி ரவுட்டர் அல்ல, அடாப்டர். உள்ளே கெப்பாசிட்டர் சூட்டில் வற்றிவிட்டால், மல்டிமீட்டரில் சும்மா பார்க்கும்போது வோல்ட் சரியாகக் காட்டும், லோடு ஏறியதும் சரியும். அதே வோல்ட், அதே அல்லது கூடுதல் ஆம்ப், நடு முனை பாசிட்டிவ் உள்ள இன்னொன்றைப் போட்டதும் நின்றுவிட்டது. பழையதைக் கழற்றியபோது அதற்குள்ளிருந்து ஒரு கூட்டம் எறும்பு வெளியே வந்தது வேறு விஷயம்.