முப்பதுக்கு மேல் குத்துச்சண்டை: எங்கே தொடங்குவது?

முப்பது நாற்பது வயதில் முதன்முறையாகக் கிளவுஸ் மாட்ட நினைப்பவர்களுக்கு நான்கு வழிகள் உண்டு. போட்டிக்கு ஆட்களைத் தயார் செய்யும் பாக்ஸிங் கிளப், பாட்டுச் சத்தத்தோடு தொங்கும் மூட்டையைக் குத்தும் ஃபிட்னஸ் வகுப்பு, தனிப் பயிற்சியாளர், வீட்டில் ஒரு பஞ்சிங் பேக்கும் காணொளிகளும். வியர்வையை மட்டும் கணக்கில் எடுத்தால் நான்கும் ஏறக்குறைய ஒன்றுதான். அதனால் நான் வேறு இரண்டு கேள்விகளை வைத்தே இவற்றை எடை போடுகிறேன். உங்கள் தப்பைப் பார்த்துத் திருத்துவது யார்? உங்கள் தலையில் அடி விழலாமா என்று முடிவு செய்வது யார்?

முதலில் வயதைப் பற்றிக் கொஞ்சம். அமெரிக்கக் குத்துச்சண்டை வீரர் டியான்டே வைல்டர் 2005-இல், சுமார் 20 வயதில்தான் குத்துச்சண்டை பழகத் தொடங்கினார். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்றார். இப்படிப்பட்ட கதைகளைக் காட்டி "எந்த வயதிலும் முடியும்" என்று சொல்பவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. அந்த உலகத்தில் 20 வயதே தாமதம். சர்வதேச அமெச்சூர் போட்டிகளின் மேல் வரம்பு 40. ஆகவே 35 வயதில் தொடங்குபவர் பதக்கத்தை நினைத்து இடம் தேட வேண்டியதில்லை. ஆனால் கலையை ஒழுங்காகக் கற்றுக்கொள்ள அந்த வயது ஒரு தடையே இல்லை. காலை எங்கே வைப்பது, தாடையை எப்படி இறக்குவது, குத்திய கையை எப்படித் திரும்பக் கொண்டுவருவது என்பதையெல்லாம் பொறுமையுள்ள பெரியவர்கள் சிறுவர்களைவிட நன்றாகவே பிடித்துக்கொள்கிறார்கள்.

ஃபிட்னஸ் வகுப்பு

இதைக் கேலியாகப் பேசும் பழக்கம் கிளப்காரர்களிடம் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. தலையில் அடியே வாங்காமல் குத்துச்சண்டையின் அசைவுகளை மட்டும் செய்வதிலும் நிஜமான பலன் இருக்கிறது. பார்க்கின்சன் நோயாளிகளுக்காக 2006-இல் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸில் தொடங்கப்பட்ட 'ராக் ஸ்டெடி பாக்ஸிங்' முழுக்க முழுக்க அடி வாங்காத பயிற்சிதான். கால்நகர்வு, சமநிலை, கண்ணும் கையும் சேர்ந்து வேலை செய்வது ஆகியவைதான் அங்கே பயிற்சி.

சிக்கல் வேறு இடத்தில். பெரிய கூட்டத்துக்கு ஒரே பயிற்சியாளர். அவர் "ஜாப், கிராஸ், ஹூக்" (முன்பக்கக் கையின் நேர்க்குத்து, பின்பக்கக் கையின் நேர்க்குத்து, பக்கவாட்டில் வளைத்து வீசும் குத்து) என்று வேகமாகக் கத்திக்கொண்டே போவார். களைத்தபின் முழங்கை வெளியே விரிவதையும் மணிக்கட்டு மடங்குவதையும் அவரால் பார்க்க முடியாது. குத்து, ஆள்காட்டி விரலும் நடுவிரலும் சேரும் முட்டிகளில் விழ வேண்டும். வெளிப்பக்கமாகச் சரிந்து சுண்டுவிரல் முட்டியில் விழுந்தால், அதற்குப் பின்னால் உள்ள உள்ளங்கை எலும்பின் கழுத்துப் பகுதி முறியலாம். 'பாக்ஸர் முறிவு' என்று பெயர் பெற்றிருந்தாலும், முறையாகப் பழகியவர்களைவிடப் பழகாமல் குத்துபவர்களுக்கே இது அதிகம் வருகிறது.

ஒரு வகுப்பை எடைபோட நான் பார்ப்பது, கையில் துணிப்பட்டை சுற்றும் முறையை. சுமார் நாலரை மீட்டர் நீளமுள்ள ஹேண்ட் ராப் என்ற அந்தப் பட்டையை எப்படிச் சுற்றுவது என்று முதல் நாளே உட்கார்ந்து சொல்லித் தருகிறார்களா? அப்படியென்றால் அங்கே உங்கள் கையைப் பற்றி அக்கறை உள்ளவர் ஒருவர் இருக்கிறார். வெறும் கையில் பொதுக் கிளவுஸை மாட்டி மூட்டையின் முன் நிறுத்தினால், வேறு இடம் பாருங்கள்.

கிளப்

கிளப்பில் எல்லாவற்றையும் மணிதான் நடத்துகிறது. மூன்று நிமிடச் சுற்று, ஒரு நிமிட ஓய்வு என்பது 1867-இன் குவீன்ஸ்பெரி விதிகளிலிருந்து வருவது. ஸ்கிப்பிங், ஷேடோ (காற்றில் குத்திப் பழகுவது), மூட்டை, பேட்ஸ் (கோச் கையில் பிடிக்கும் மெத்தைகளில் குத்துவது) எல்லாமே அந்த அளவில்தான் நகரும். புதிதாக வருபவருக்கு முதல் சில வாரங்கள் நிற்கும் நிலையும் ஜாபும்தான். சலிப்பாக இருக்கும். ஆனால் அந்தச் சலிப்பைத் தாண்டாமல் யாரும் குத்துச்சண்டை கற்றதில்லை. முன்காலுக்கும் பின்காலுக்கும் நடுவே எடை சரியாக நிற்கக் கற்றவருக்கு ஹூக் பாதி வந்துவிட்ட மாதிரி. ஃபிட்னஸ் வகுப்பில் முதல் நாளே ஆறு குத்துகளைச் சேர்த்து அடித்தவர், ஒரு வருடம் கழித்தும் கால்கள் குறுக்கே பின்னிக்கொண்டு தடுமாறுவதைப் பார்க்கலாம்.

கிளப்பில் எனக்கு மிகவும் பிடித்தது, திருத்துபவர் கோச் மட்டுமல்ல என்பது. பக்கத்து மூட்டையில் குத்தும் பதினாறு வயதுப் பெண், "உங்க வலது கை கீழ இறங்குது, கன்னத்துல வைங்க" என்று போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போவாள். அந்த ஒரு வரி உங்களைப் பல மாதத் தப்பிலிருந்து காப்பாற்றும். தன் வயதில் பாதி இருப்பவரிடம் கேட்டுக்கொள்ளக் கூச்சமில்லாதவருக்கு கிளப்பைப் போல ஓர் இடம் இல்லை.

குறைகளும் உண்டு. போட்டி நெருங்கினால் கோச்சின் கவனம் முழுக்கப் போட்டியாளர்கள் மேல் போய்விடும். நீங்கள் மூலை மூட்டையோடு தனியாக நிற்பீர்கள். வாரத்தில் ஆறு நாள் வரும் இளைஞர்களோடு ஈடுகொடுக்கப் போனால் கெண்டைக்காலும் தோள்பட்டையும் முதலில் முரண்டு பிடிக்கும். மூச்சு சில வாரங்களிலேயே பழகிவிடும். தசைநாண்கள் பழக மாதங்கள் ஆகும். வாரம் இரண்டு அல்லது மூன்று நாள், நடுவில் ஓய்வு. தொடக்கத்தில் அதற்கு மேல் வேண்டாம்.

எதிரில் ஓர் ஆளோடு மோதிப் பழகும் ஸ்பாரிங்கைப் பற்றித்தான் நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். கிளப்புக்கும் கிளப்புக்கும் உள்ள வித்தியாசம் அங்கேதான் தெரியும். தலைக்கவசம் போட்டால் மூளைக்கு ஒன்றும் ஆகாது என்று நம்பிப் பலர் வளையத்துக்குள் ஏறுகிறார்கள். தலைக்கவசம் வெட்டுக்காயத்தைக் குறைக்கும். ஆனால் மண்டைக்குள் மூளை குலுங்குவதை அதனால் நிறுத்த முடியாது. 2013-இல் ஆண்களுக்கான உயர்மட்ட அமெச்சூர் போட்டிகளிலிருந்து தலைக்கவசத்தையே எடுத்துவிட்டார்கள். 2016 ரியோ ஒலிம்பிக்கில் ஆண்கள் அது இல்லாமல்தான் மோதினார்கள். தடிமனான 16 அவுன்ஸ் கிளவுஸும் அப்படித்தான்: அடியை மென்மையாக்கும், இல்லாமல் ஆக்காது.

நல்ல கோச் புதியவரைச் சில மாதங்கள் வளையத்துக்குள் விடவே மாட்டார். பிறகு ஜாப் மட்டும், உடம்பில் மட்டும் என்று கட்டுப்படுத்தி விடுவார். முதல் துணையாக, கையை அடக்கத் தெரிந்த அனுபவசாலியை நிறுத்துவார். இன்னொரு புதியவரை நிறுத்த மாட்டார். பயந்துபோன இரண்டு புதியவர்கள் எதிரெதிரே நின்றால் இருவரும் முழு பலத்தோடு வீசுவார்கள். தலையில் பலமாக அடி விழுந்து ஒருவர் தடுமாறினால், நல்ல கோச் அன்றைய பயிற்சியை அவருக்கு அங்கேயே நிறுத்துவார். மருத்துவரைப் பார்க்காமல் திரும்பவும் ஸ்பாரிங்குக்கு விடமாட்டார். முதல் வாரமே "ஏறிப் பாருங்க, பயம் தெளியும்" என்று சொல்லும் இடத்திலிருந்து கிளம்பிவிடுங்கள். சேர்வதற்கு முன் ஒரு மாலை போய் உட்கார்ந்து, ஸ்பாரிங் நடக்கும்போது கோச்சின் கண் எங்கே இருக்கிறது என்று மட்டும் பாருங்கள். போனில் இருந்தால் அதுவே போதிய பதில்.

அதிகக் கிட்டப்பார்வை உள்ளவர்கள் கண் மருத்துவரிடம் விழித்திரையைக் காட்டாமல் ஸ்பாரிங் பக்கமே போகக் கூடாது. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர்களும், முன்பு தலையில் அடிபட்டு நினைவு தப்பியவர்களும் தங்கள் மருத்துவரைக் கேட்காமல் முடிவெடுக்க வேண்டாம். அடி வாங்காத பயிற்சி மட்டும் போதும் என்று முதல் நாளே சொல்வதில் எந்த இழுக்கும் இல்லை.

தனிப் பயிற்சியாளரும் வீட்டு மூட்டையும்

திருத்தும் வேகத்தில் தனிப் பயிற்சியாளரை யாரும் மிஞ்ச முடியாது. ஒரு மணி நேரமும் அவர் பார்ப்பது உங்களை மட்டும்தான். ஆனால் பேட்ஸ் பிடிப்பதில் ஒரு மயக்கம் இருக்கிறது. குத்து வரும்போது பேடைச் சற்று முன்னே தள்ளி எதிர்கொண்டால் 'பட்' என்று அருமையான சத்தம் வரும். உங்கள் குத்து வளர்ந்துவிட்டதாகத் தோன்றும். பேடைத் தாழ்த்திவிட்டு உங்கள் கன்னத்தைத் தட்டி "கை எங்கே?" என்று கேட்பவரே நல்ல ஆசிரியர். எத்தனை விதமான உயரம், வேகம், பழக்கம் உள்ள ஆட்களோடு பழகுகிறோம் என்பதில் கிளப் எப்போதும் முன்னால் நிற்கும்.

வீட்டு மூட்டையைத் தொடக்கமாக நான் பரிந்துரைக்க மாட்டேன். காணொளி உங்களைப் பார்ப்பதில்லை, மூட்டை திருப்பி அடிப்பதில்லை. கையைக் கீழே போட்டுவிட்டு நிற்கும் பழக்கம் அங்கேதான் ஊறுகிறது. ஏற்கெனவே எங்காவது பழகுபவர்களுக்கு அது நல்ல துணை. அவர்கள் உடல் எடையில் பாதியளவு மூட்டையாகப் பார்த்து வாங்கலாம். பக்கவாட்டிலிருந்து தங்களைப் படமெடுத்துக் கோச்சிடம் காட்டலாம்.

என் தேர்வு இதுதான். கலை வேண்டும் என்பவர் பெரியவர்களுக்கென்று தனி நேரம் ஒதுக்கும் கிளப்பில் சேரட்டும். உடற்பயிற்சி மட்டும் போதும் என்பவர் ஃபிட்னஸ் வகுப்புக்கே போகலாம். அதற்கு முன் தனிப் பயிற்சியாளரிடம் நாலைந்து முறை போய் நிற்கவும் ஜாப் வீசவும் கற்றுக்கொண்டு போனால் கை தப்பிக்கும். எந்த வழியானாலும் முதலில் வாங்க வேண்டியது ஹேண்ட் ராப்தான், பிறகு மூட்டைக்கு 12 அல்லது 14 அவுன்ஸ் கிளவுஸ். மவுத் கார்டையும் 16 அவுன்ஸ் கிளவுஸையும் தலைக்கவசத்தையும் கோச் கேட்கும்போது வாங்கினால் போதும்.