பாரிஸா, ஜேர்மனியா, வீட்டு மேசையா?

யாழ்ப்பாணத்தில் டொச், அதாவது ஜேர்மன் மொழி, படிக்கப் போகிறேன் என்றால், "யாருக்குக் கலியாணம்?" என்றுதான் கேட்பார்கள். ஜேர்மனியில் இருக்கும் துணையிடம் போய்ச் சேர ஏ1 என்ற ஆரம்ப நிலை மொழிப் பரீட்சை வேண்டுமே. ஓய்வுபெற்ற கணித ஆசிரியன் நான் அந்த வாங்கில் போய் இருந்ததற்குக் காரணம் வேறு. ஜேர்மனியில் மகள் வீட்டுக்குப் போகும்போது அங்கே ஏதாவதொரு கம்பஸில் ஓரமாக இருந்து பாடம் கேட்க வேண்டும்.

கேட்பதற்குச் சுலபமான இடம் பாரிஸ்தான். 1530 இல் தொடங்கிய கொலேஜ் து பிரான்ஸில் பதிவும் இல்லை, பரீட்சையும் இல்லை, கட்டணமும் இல்லை. தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பலில் தம்பி வீட்டு இடியப்பத்தைச் சாப்பிட்டுவிட்டு மெட்ரோவில் ஏறிப் போய்க் கதிரையில் இருந்துவிடலாம். இருந்தேன். ஒரு மணித்தியாலத்தில் எனக்குப் பிடிபட்டவை இரண்டு அரசர்களின் பெயர்களும் சில ஆண்டுகளும். அந்த ஆண்டுகளும் சந்தேகம்தான்: 97 என்பதற்கு 'நான்கு இருபது பத்து ஏழு' என்கிறார்கள். நமக்குச் சந்தி எழுத்தில் என்றால் அவர்களுக்கு அது காதில். எங்கே ஒரு சொல் முடிந்து அடுத்தது தொடங்குகிறது என்று தெரியவில்லை.

ஜேர்மனியில் 'விருந்தினர் கேட்பாளர்', அதாவது பட்டத்துக்கு அல்லாமல் பாடம் கேட்க மட்டும் வருபவர், என்று பதிய வேண்டும். படிவம் உண்டு, கட்டணம் உண்டு. அது பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் மாறும். மாணவர் என்ற தகுதி கிடையாது, ஆகவே மாணவர் விசாவும் இல்லை. நேர அட்டவணையில் 10 என்று போட்டுப் பக்கத்தில் 'சி.ரி.' என்றிருந்தால் பாடம் 10.15க்கு. நல்லூர்க் கந்தன் கோயிலின் நேரம் தவறாமைக்குப் பழகிய நான் முதல் நாள் வெற்று மண்டபத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

ஆனாலும் என் வாக்கு அங்கேதான். நான் போனது நேரியல் இயற்கணித விரிவுரைக்கு. பேச்சு தவறினாலும் கரும்பலகை கைவிடவில்லை. அடுத்த வரி என்னவென்று எனக்கே தெரியும்; அதை எந்தச் சொற்களால் சொல்கிறார் என்பதை மட்டும் பிடித்தால் போதும். 'ஆகவே', 'எனக் கொள்வோம்' போன்றவற்றை இரண்டே வாரத்தில் பிடித்துவிட்டேன். இன்னொன்று, துணை வாக்கியங்களில் டொச்சின் வினை கடைசியில்தான் வரும். எங்கள் டொச் வகுப்பில் எல்லோரும் அதற்குப் பயந்தார்கள். எதற்கென்று எனக்கு விளங்கவில்லை. பிறந்த நாள் முதல் வினைக்காகக் காத்திருந்து பழகிய காது அல்லவா நம்முடையது! எண்கள்தான் வாரிவிட்டன. 'ஐந்தும் நாற்பதும்' என்று அவர் சொல்ல நான் 54 என்று எழுதி, எண்களை அடுக்கிய அணி (மேட்ரிக்ஸ்) முழுவதும் பிழையாகிவிட்டது. பக்கத்திலிருந்த பெடியன் பேசாமல் தன் கொப்பியை என் பக்கம் நகர்த்தினான்.

குறை, நாட்கணக்கில். வருகை விசா 180 நாளில் 90 நாள். குளிர்கால செமஸ்டரோ ஒக்டோபர் நடுவில் தொடங்கிப் பெப்ரவரி வரை போகும், நடுவில் நத்தார் விடுமுறை வேறு. பாடம் பிற்பகுதியில் ஐகன் பெறுமானங்களுக்கு வரும்போது நான் யாழ்ப்பாணத்துப் பலாலி வீதியில் நிற்கிறேன்.

மூன்றாவது வழி, வீட்டிலிருந்தே ஒளிப்பதிவு. கொலேஜ் து பிரான்ஸ் தன் விரிவுரைகளை இணையத்தில் போடுகிறது. செலவில்லை, குளிரில்லை. ஆனால் நிறுத்தும் பொத்தான் கைக்குள் இருக்கும்வரை காது சோம்பேறிதான். விளங்காத இடத்தில் நிறுத்துகிறேன், தேநீர் குடிக்கிறேன், திரும்பி வருவதில்லை. முழுதாகக் கேட்டு முடித்தது ஒன்றே ஒன்று. ஜேர்மன் மாணவர்கள் விரிவுரை முடிந்ததும் கைதட்டுவதில்லை. விரல் முட்டியால் மேசையில் தட்டுவார்கள். அந்தப் பழக்கத்தில் நானும் மேசையில் தட்டினேன். அடுப்படியிலிருந்து மனைவி சொன்னாள்: "படலையில் யாரோ தட்டுகிறார்கள், போய்ப் பாருங்கள்."