ஹைட்ராலிக் ஜீப்பை உயர்த்தக் கொடுக்கப்போகிறவர்கள் முதலில் இதை வாசியுங்கள்

மலையகத்தில் லேண்ட் குரூஸர் 100, லெக்ஸஸ் எல்.எக்ஸ். 470 மாதிரி ஹைட்ராலிக் சஸ்பென்ஷன் உள்ள வண்டி வைத்திருக்கிறவர்கள் தயவுசெய்து இதை முழுதாக வாசியுங்கள். ஜீப்பை உயர்த்தி, பெரிய டயர் போட்டு, சஸ்பென்ஷனில் வாயு அடைத்திருக்கும் உருண்டை எல்லாம் புதிதாக மாற்றித் தருகிறோம் என்று சொல்லி ஒரு கராஜ் என்னிடம் ஒன்பது இலட்சம் ரூபாவுக்குக் கிட்ட வாங்கிக்கொண்டது. திரும்பி வந்தது ஆட்களை ஏற்றவே கூடாத ஒரு வண்டி. முறைப்பாடு இன்னும் விசாரணையில் இருப்பதால் கராஜின் பெயரையும் ஊரையும் இங்கே போடவில்லை. ஆனால் என்ன செய்தார்கள் என்பதை ஒன்று விடாமல் சொல்கிறேன், ஏனென்றால் இந்த வேலையை எந்த ஊரிலும் யாரும் உங்களுக்குச் செய்துவிட்டுப் போகலாம், வெளியில் பார்த்தால் ஒன்றுமே தெரியாது.

என்னுடையது லேண்ட் குரூஸர் 100 வி.எக்ஸ். சுற்றுலா வருகிறவர்களை ஏற்றுகிறேன். ஹட்டன், பொகவந்தலாவ பக்கத்துத் தோட்ட பங்களாக்கள், ஹப்புத்தளையில் லிப்டன் சீட், ஒஹிய வழியாக ஹோர்ட்டன் சமவெளி, இப்படித்தான் ஓட்டம். தோட்டப் பாதைகளைப் பற்றி இங்கே உள்ளவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கொங்கிரீட் போட்ட துண்டு முடிந்ததும் கல் நீட்டிக்கொண்டிருக்கும், மழைக்காலத்தில் லொறி டயர் ஓடிய பள்ளம் முழங்கால் அளவுக்கு இறங்கியிருக்கும், நடுத்திட்டு வண்டியின் வயிற்றில் இடிக்கும். அதனால் கொஞ்சம் உயரமும் கொஞ்சம் பெரிய டயரும் எனக்குத் தொழிலுக்கே வேண்டியிருந்தது. வேறு வண்டி வாங்குவது என்ற பேச்சுக்கே இடமில்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள், தனியார் வாகனங்களுக்கு 2025 தொடக்கத்தில்தான் திறந்தார்கள், திறந்த பிறகும் வரியோடு வரும் விலை நம்மைப் போன்றவர்கள் நெருங்கும் விலை இல்லை. இருக்கிற ஜீப்பைத்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இந்த ஹைட்ராலிக் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால்தான் நடந்த ஏமாற்று புரியும். வண்டியின் பாரத்தில் ஒரு பங்கை முன்னால் டோர்ஷன் பாரும் (முறுக்கி ஸ்பிரிங் மாதிரி வேலை செய்யும் நீளமான இரும்புக் கம்பி) பின்னால் கொயில் ஸ்பிரிங்கும் தாங்கும், மீதியை எண்ணெய் அழுத்தம் தாங்கும். நான்கு சக்கரத்துக்கும் நான்கு உருண்டை இருக்கிறது. உள்ளே ஒரு சவ்வு, அதற்கு ஒரு பக்கம் நைட்ரஜன் வாயு, மறுபக்கம் எண்ணெய். பள்ளத்தில் விழும்போது அந்த வாயு சுருங்கிக் கொடுப்பதால்தான் உள்ளே இருப்பவருக்கு அடி தெரிவதில்லை. வருடக்கணக்கில் ஓடினால் வாயு கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து போய்விடும், அப்போது வண்டி கட்டை மாதிரி ஆகிவிடும். எவ்வளவு உயரத்தில் நிற்கிறோம் என்பதை சென்சர்கள் கம்ப்யூட்டருக்குச் சொல்லும், அதைப் பார்த்துத்தான் பம்ப் எண்ணெயைத் தள்ளும் அல்லது திரும்ப எடுக்கும். பொத்தானை அமத்தி உயர்த்தலாம், தாழ்த்தலாம். ஆனால் உயர்த்திய நிலை மெதுவாக ஓடுவதற்கு மட்டும்தான், வேகம் கூடினால் தானாகவே நடு உயரத்துக்கு இறங்கிவிடும். எனக்கு வேண்டியிருந்தது அந்த நடு உயரமே கொஞ்சம் கூட இருப்பது.

இதை முறையாகச் செய்ய வழி இருக்கிறது. சென்சரைக் கொஞ்சம் நகர்த்தி உயரத்தைக் கூட்ட வேண்டும், கூட்டிய பிறகு முன்னால் டோர்ஷன் பாரை இறுக்கி, பின்னால் பலமான ஸ்பிரிங் போட்டு, எண்ணெய் அழுத்தத்தைப் பழைய அளவுக்கே கொண்டுவர வேண்டும், கடைசியில் அலைன்மென்ட், அதாவது சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்வது. இந்தக் கராஜ்காரர் இதையெல்லாம் மிகச் சரியாகச் சொன்னார். "அண்ணே, நாலு உருண்டையும் ஜப்பான் ஒரிஜினல், எண்ணெய் முழுக்க இறக்கிப் புதுசு ஊத்துறோம், நீங்க ஒண்ணும் யோசிக்காதீங்க" என்றார். டயர் 285/75 ஆர் 16, புத்தம் புதியது. முக்கால்வாசிப் பணத்தை முதலிலேயே காசாக வாங்கிக்கொண்டார், சாமான் கொழும்பிலிருந்து எடுக்க வேண்டுமாம்.

ஜீப் வந்த அன்று பார்க்க நன்றாகத்தான் இருந்தது. உயரமாக நின்றது, டயர் பளபளவென்று கறுப்பு. ஓட்டத் தொடங்கிய பிறகு ஒவ்வொன்றாக வெளியே வந்தது. சின்னக் கல்லில் ஏறினாலும் இடுப்பில் அடித்தது, பின்னால் இருந்த வயதான பயணி ஒருவர் இறங்கி நடக்கிறேன் என்று சொல்லுமளவுக்கு. ஸ்டியரிங்கைத் திருப்பிவிட்டால் தானாக நேருக்கு வரவில்லை, நாம்தான் இழுத்துக்கொண்டுவர வேண்டும். கொண்டைஊசி வளைவில் முழுதாகத் திருப்பினால் டயர் மட்கார்டில் உரசிச் சத்தம் போட்டது. 60க்கு மேல் போனால் ஒரு அதிர்வு. ராத்திரி நிறுத்திவிட்டுக் காலையில் பார்த்தால் இடது பக்கம் படுத்திருந்தது.

கராஜுக்கு எடுத்தபோதெல்லாம் "புது உருண்டை, செட்டாகக் கொஞ்சம் நாள் எடுக்கும்" என்றார்கள். அது பொய். உருண்டைக்கு அப்படிப் பழகும் காலம் ஒன்றும் கிடையாது.

அப்புறம் ரம்பொடை இறக்கம். லபுக்கலைப் பக்கமிருந்து இறங்கி வருகிறோம், மழை, பனி, உள்ளே ஒரு குடும்பம், சின்னப் பிள்ளைகள் இரண்டு பேர். ஏ.பி.எஸ். விளக்கு எரிந்தது, அதாவது பிரேக் பிடிக்கும்போது சக்கரம் இறுகிப் பூட்டாமல் காக்கும் சிஸ்டம் வேலை செய்யவில்லை. ஒரு வளைவில் பிரேக் பிடித்ததும் முன்பக்கம் வழுக்கிக்கொண்டு வெளிப்பக்கமாக இழுத்தது. கீழ்க் கியரில் மெதுவாக வந்துகொண்டிருந்ததால்தான் கல்வேலியை எட்டுமுன் நின்றது. அந்தப் பாதையின் ஓரத்தில் கீழே என்ன இருக்கிறது என்று போய் வருகிறவர்களுக்குத் தெரியும். அதோடு ஜீப்பை நிறுத்திவிட்டு, அவர்களுக்கு வேறு வான் பிடித்துக் கொடுத்து அனுப்பினேன்.

கண்டிப் பக்கத்தில் இந்த ஹைட்ராலிக்கை நன்றாகத் தெரிந்த ஒரு பாஸ் (மெக்கானிக்) இருக்கிறார், வயதானவர், அவசரப்படாமல் வேலை செய்கிறவர். அவரிடம் ஏற்றி அனுப்பினேன். அவர் ஒவ்வொன்றாகக் கழற்றிக் காட்டினார், நான் படம் எடுத்துக்கொண்டே நின்றேன்.

முதலில் சென்சர். அதன் கம்பியை வெட்டி, ஒரு இரும்புத் துண்டை வெல்டிங் பிடித்து நீட்டியிருந்தார்கள். வண்டியை உயர்த்தியது அவ்வளவுதான், வேறு எந்த வேலையும் இல்லை. தராசுத் தட்டுக்கு அடியில் விரலை வைத்துக்கொண்டு கொழுந்து நிறுப்பது போல, வண்டி தாழ்ந்து நிற்கிறது என்று கம்ப்யூட்டருக்குப் பொய் சொல்லி உயர்த்த வைத்திருக்கிறார்கள். டோர்ஷன் பார் போல்ட்டில் பழைய துரு அப்படியே இருந்தது, ஸ்பேனர் பட்ட அடையாளமே கிடையாது. ஸ்பிரிங் அதே ஸ்பிரிங். உயரம் கூடினால் ஸ்பிரிங் தாங்கும் பங்கு குறையும், அந்தப் பாரமெல்லாம் எண்ணெய்க்குப் போகும். பாஸ் ஸ்கேனர் போட்டுக் காட்டினார்: நடு உயரத்தில் முன்பக்க அழுத்தம் 7 மெகாபாஸ்கலுக்குக் கிட்ட இருக்க வேண்டும், என்னுடையது 9ஐத் தாண்டியிருந்தது. அந்த அழுத்தத்தில் வாயு ஏற்கெனவே நசுங்கிப்போய் இருக்கும், அப்புறம் பள்ளத்தில் சுருங்க அதற்கு என்ன மிச்சம் இருக்கும்?

உருண்டைகள் புதியவை இல்லை. பழையதைக் கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்துக் கறுப்புப் பெயின்ட் அடித்திருந்தார்கள், நகத்தால் சுரண்டினாலே கீழே துரு தெரிந்தது. இதைக் கழற்றாமலே நீங்கள் பார்க்கலாம். எஞ்சினை ஓடவிட்டு, வண்டியை மேலே உயர்த்தி, எண்ணெய்த் தொட்டியில் மட்டம் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று பாருங்கள். பிறகு முழுதாகத் தாழ்த்திப் பாருங்கள். உருண்டை நன்றாக இருந்தால் மட்டம் பல கோடு ஏறும், வாயு போயிருந்தால் கொஞ்சம்தான் அசையும். என்னுடையதில் அசைவே இல்லை என்று சொல்லலாம்.

எண்ணெய் இன்னும் மோசம். இந்தச் சிஸ்டத்துக்கென்று டொயோட்டாவின் ஏ.எச்.சி. (இந்த ஹைட்ராலிக்குக்கு அவர்கள் வைத்த பெயர்) சஸ்பென்ஷன் எண்ணெய் தனியாக வருகிறது, இரண்டரை லீட்டர் டின்னில். அதைத்தான் ஊற்ற வேண்டும். எண்ணெயை வடிக்கும் பிளீட் நட்டைத் திறந்தபோது வந்தது சிவப்பும் கறுப்பும் கலந்த ஒன்று, கியர் எண்ணெயைப் பழைய எண்ணெயின் மேலேயே ஊற்றியிருக்கிறார்கள். இடது பக்க வால்வில் சீல் கெட்டுக் கசிந்துகொண்டிருந்தது, காலையில் படுத்திருந்த காரணம் அதுதான்.

டயரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் டயரில் ஏமாறுகிறவர்கள்தான் அதிகம். டயர் செய்த திகதி நான்கு இலக்கமாக ஓரத்தில் இருக்கும், முதல் இரண்டும் வாரம், அடுத்த இரண்டும் வருடம். ஆனால் பல டயர்களில் அது ஒரு பக்கத்தில் மட்டும்தான் அச்சாகியிருக்கும். அந்தப் பக்கத்தை உள்ளே திருப்பி மாட்டிவிட்டால் வெளியில் நின்று பார்ப்பவருக்குத் தெரியாது. என்னுடையதில் இருந்தது 0913. அதாவது 2013ம் ஆண்டின் ஒன்பதாவது வாரம். எங்கேயோ கிடந்த டயரைக் கழுவிப் பொலிஷ் போட்டுப் புதிது என்று விற்றிருக்கிறார்கள். ரப்பர் கல்லாகியிருந்தது, டயரின் பட்டன் கட்டைகளுக்கு நடுவே மயிர்க்கோடாக வெடிப்பு. மழையில் வழுக்காமல் என்ன செய்யும்?

அதோடு கேட்காமலே சக்கரத்துக்கும் அது மாட்டும் ஹப்புக்கும் நடுவில் ஸ்பேசர் என்ற இடைத்தட்டு போட்டிருந்தார்கள், வண்டி அகலமாகத் தெரியட்டும் என்று. இந்த ஜீப்பின் ரிம் நடு ஓட்டை 110 மில்லிமீட்டர், ஹப்பில் இறுக்கமாக உட்கார வேண்டும். போட்டிருந்த ஸ்பேசர் அந்த அளவே இல்லை, பாரம் முழுக்க ஐந்து போல்ட்டில்தான் தொங்கியது. அதிர்வும் மட்கார்டில் உரசியதும் அதனால்தான். கராஜில் உரசலுக்கு டயரின் அளவைக் குறை சொன்னார்கள், ஆனால் பாஸ் ஸ்பேசரைக் கழற்றிவிட்டு அதே அளவு டயரைப் போட்டபோது உரசவே இல்லை.

ஏ.பி.எஸ். வயரைப் பிடிக்கும் கிளிப்பைக் கழற்றிவிட்டுத் திரும்ப மாட்டாமல் விட்டிருக்கிறார்கள். தொங்கிய வயர் டயரில் பட்டுப் பட்டு அறுந்திருக்கிறது. அதற்குப் பக்கத்திலேயே பிரேக் ஹோஸ், சக்கரம் தொங்கும்போது நரம்பு மாதிரி இழுபட்டு நின்றது. பாஸ் அதைத் தொட்டுக் காட்டியபோதுதான் எனக்குக் கை நடுங்கியது. அலைன்மென்ட் செய்ததாக பில்லில் இருக்கிறது. உயர்த்தினால் காஸ்டர் (ஸ்டியரிங் அச்சின் பின்சாய்வு) குறையும், அதைத் திருத்தாவிட்டால் ஸ்டியரிங் நேருக்குத் திரும்பாது. எந்த போல்ட்டும் அசைக்கப்படவில்லை.

பெரிய டயர் போட நினைக்கிறவர்களுக்கு ஒரு கணக்கும் சொல்லிவிடுகிறேன், எந்தக் கராஜும் இதைச் சொல்வதில்லை. கொம்பனியில் வந்த 275/70 ஆர் 16 டயரின் முழு உயரம் 79 சென்டிமீட்டர், 285/75இன் உயரம் 83 சென்டிமீட்டருக்கு மேல். வித்தியாசம் நான்கு சென்டிமீட்டர் என்றாலும் வயிற்றுக்குக் கீழே கிடைப்பது அதில் பாதிதான். ஸ்பீட் மீட்டர் 60 காட்டும்போது வண்டி 63இல் போகும். அதே அளவுக்கு பிரேக்குக்கும் வேலை கூடும். நம் ஊர் இறக்கங்களில் இது சின்ன விஷயம் இல்லை. இன்சூரன்ஸ்காரருக்கும் எழுத்தில் அறிவித்துவிடுங்கள், மாற்றம் செய்ததை மறைத்ததாகச் சொல்லி இழப்பீட்டை நிறுத்த அவர்களுக்கு அதுவே போதும்.

படங்களோடு கராஜுக்குப் போனேன். முதலில் "தோட்டப் பாதையில ஓட்டி உடைச்சிருக்கீங்க" என்றார்கள். பெயின்ட் அடித்த உருண்டையைக் காட்டியதும், சாமான் தந்தவன் எங்களை ஏமாற்றிவிட்டான் என்றார்கள். என் பழைய உருண்டைகள் எங்கே என்று கேட்டேன், பழைய இரும்புக்குப் போட்டுவிட்டோம் என்றார்கள். இல்லாத பழையதை எப்படிப் போட்டார்கள்? கடைசியில் ஹைட்ராலிக் முழுவதையும் கழற்றிவிட்டுச் சாதாரண ஷொக் போட்டுத் தருகிறோம், இன்னும் மூன்று இலட்சம் தாருங்கள் என்று சொன்னார்கள். அந்த இடத்தில் பேச்சை முடித்துக்கொண்டு வந்துவிட்டேன்.

நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு எழுத்தில் முறைப்பாடு கொடுத்திருக்கிறேன். 1977க்கு அழைத்தால் எங்கே கொடுப்பது என்று சொல்வார்கள், தாமதிக்காமல் கொடுக்க வேண்டும். மத்தியஸ்த சபைக்கும் போகலாம். இரண்டு இடத்திலும் கேட்பது பில்லைத்தான். என் பில்லில் "ஹைட்ராலிக் வேலை" என்று ஒரே வரி, கீழே தொகை. ஆகவே நீங்கள் கொடுக்கும்போது ஒவ்வொரு சாமானையும் தனி வரியாக எழுதச் சொல்லுங்கள், டயரின் நான்கு இலக்கத்தையும் பில்லில் எழுதச் சொல்லுங்கள். கழற்றிய பழைய சாமானும் வெறும் எண்ணெய் டின்னும் வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். வேலைக்கு முன்னும் பின்னும் ஸ்கேனரில் தெரியும் அழுத்தத்தைப் படம் எடுத்துத் தரச் சொல்லுங்கள். ஒழுங்கான பாஸ் இதற்கெல்லாம் முகம் சுளிக்கமாட்டார். சுளித்தால் சாவியைக் கொடுக்காதீர்கள்.

இப்போது ஜீப் கண்டியில் நிற்கிறது, உருண்டைகள் வர வேண்டும். நான்கையும் சேர்த்து வாங்க இப்போதைக்கு முடியவில்லை, முன் இரண்டையும் முதலில் போடுகிறோம், உயரத்தையும் கொம்பனி அளவுக்கே இறக்கியாகிவிட்டது.

சமீபத்தில் வண்டியை உயர்த்தியவர்கள் ஒரு டோர்ச்சோடு கீழே குனிந்து சென்சர் கம்பியைப் பாருங்கள். அதில் வெல்டிங் இருந்தால் இறக்கத்தில் ஓட்டாதீர்கள், படம் எடுத்து பில்லோடு வைத்துக்கொண்டு எனக்கு எழுதுங்கள். அதே கராஜ் என்றால் உங்கள் முறைப்பாட்டையும் என்னுடையதோடு சேர்த்துக் கொடுக்கலாம், அடுத்த விசாரணைக்கு இன்னும் திகதி குறிக்கவில்லை.