'லாப்சைடட்'டுக்கு எந்தத் தமிழ்?

எங்கள் வட்டாரச் செய்திமடலைத் தமிழில் எழுதிக்கொண்டிருந்தபோது 'லாப்சைடட்' (lopsided) என்ற ஆங்கிலச் சொல் மூன்று இடங்களில் வழிமறித்தது. சிங்கப்பூரின் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் ஒரு பக்கம் இறங்கி நிற்கும் அலமாரி, 6-0 என்று முடிந்த காற்பந்து ஆட்டம், வேலை முழுவதும் ஒருவரே செய்யும் குடும்பம். மூன்றுக்கும் ஒரே சொல் வைக்க ஆசை.

'கோணல்' அலமாரிக்குச் சரி, ஆட்டத்துக்கு ஒட்டாது. 'ஏற்றத்தாழ்வு' என்றதும் வருமானமும் சாதியும் நினைவுக்கு வரும். இரண்டையும் விட்டேன்.

'ஒருதலைப்பட்சம்' விளையாட்டுச் செய்திகளில் அடிபடும் சொல்தான். ஆனால் யாரோ வேண்டுமென்றே ஓரம்சாய்ந்த வாடை அதில் உண்டு. ஒருதலைப்பட்சமான ஆட்டம் என்றால் நடுவரைச் சந்தேகிக்கத் தோன்றும். அலமாரிக்கு அதைச் சொன்னால் சிரிப்பார்கள்.

எஞ்சியவை 'சமநிலையின்மை'யும் 'ஒருபக்கச் சாய்வு'ம். எனக்குச் சாய்வுதான் பிடித்தது. காரணம் ஒன்றே ஒன்று: அது பக்கத்தைச் சொல்கிறது. பழைய தட்டுத் தராசை நினைத்துக்கொள்ளுங்கள். (இங்குள்ள தேக்கா சந்தையில் இப்போது எண் காட்டும் தராசுகள்தான்.) முள் நிற்காமல் ஆடினாலும் சமநிலையின்மை, மீன் விழுந்த தட்டு தொப்பென்று இறங்கினாலும் சமநிலையின்மை. 'லாப்சைடட்' இரண்டாவதுக்கு மட்டும்தான் பொருந்தும். காற்பந்தில் இன்னொரு வம்பு: 'சமநிலையில் முடிந்தது' என்றால் யாருக்கும் வெற்றியில்லை என்று பொருள். அப்புறம் 'சமநிலையற்ற ஆட்டம்' என்று எழுதினால் 1-0 கூட அதில் அடங்கிவிடும்.

வள்ளுவரும் 118ஆம் குறளில் தராசைக் காட்டித்தான் 'ஒருபால் கோடாமை' என்கிறார். 'ஒருபால்' என்பது பக்கம், 'கோடுதல்' என்பது சாய்தல். கொடுங்கோல் என்றாலும் வளைந்த கோல்தானே. தவிர, 'சாய்' வினைச்சொல் என்பதால் சாய்ந்த, சாய்கிறது, சாய்த்துவிட்டது என்று எப்படியும் வளையும்.

மருத்துவக் கட்டுரைகள் பக்கம் நான் போனதில்லை. அங்கே 'சமநிலையின்மை'யே பொருத்தமாக இருக்கலாம்.

மெய்ப்புப் பார்த்த அக்காவுக்கு என் சொல் அவ்வளவாகப் பிடிக்கவில்லை. "சாய்வுன்னா எனக்குச் சாய்வு நாற்காலிதான் ஞாபகம் வருது," என்றார். அலமாரியையும் ஆட்டத்தையும் விட்டுக்கொடுத்தார். குடும்பத்துக்கு மட்டும் என் வரியை அடித்துவிட்டு 'எல்லா வேலையும் ஒருத்தர் தலையில்' என்று எழுதினார். அதை நான் மாற்றவில்லை.