செலிஹோத்: நாற்பது நாளா, கடைசி வாரமா?

யூதப் புத்தாண்டான ரோஷ் ஹஷானாவை ஒட்டிப் பாடப்படும் மன்னிப்பு வேண்டல்கள்தான் செலிஹோத். இதில் இரண்டு மரபுகள் உண்டு.

செபார்டி யூதர்கள் (ஸ்பெயின், போர்ச்சுகல் வழி வந்தவர்கள்) புத்தாண்டுக்கு முந்தைய எலுல் மாதத் தொடக்கத்திலேயே ஆரம்பித்து, புத்தாண்டுக்குப் பின் வரும் பாவமன்னிப்பு நாளான யோம் கிப்பூர் வரை ஏறத்தாழ 40 நாள் விடியலுக்கு முன் எழுந்து பாடுகிறார்கள். மோசே சீனாய் மலையில் இருந்த 40 நாட்களின் நினைவு அது. தினமும் பெரும்பாலும் அதே பாடல்கள். ‘உன் முன் பாவம் செய்தோம், எங்களுக்கு இரங்கு’ என்ற பல்லவியைக் கூட்டமே சேர்ந்து எடுக்கும். குழந்தைகளுக்குக்கூட மனப்பாடம். எருசலேமில் யூதர்களின் புனிதத் தலமான மேற்குச் சுவரில் இந்த இரவுகளில் நிற்க இடமிருக்காது.

மத்திய, கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் அஷ்கெனாசி மரபில் புத்தாண்டுக்கு முந்தைய சனிக்கிழமை நள்ளிரவு தாண்டித் தொடக்கம். குறைந்தது நான்கு நாளாவது வேண்டும் என்பதால், பண்டிகை திங்களிலோ செவ்வாயிலோ வந்தால் ஒரு வாரம் முன்பே தொடங்கிவிடுவார்கள். நாளுக்கு நாள் பாடல் மாறும்; பழைய எபிரேயக் கவிதைகள், கடினமானவை. செலிஹோத் தாமதமாகத் தொடங்கினாலும், ஷோபார் என்ற கொம்பை எலுல் மாதத்திலேயே காலைத் தொழுகையில் ஊதுகிறார்கள்.

இரண்டுக்கும் நடுநாயகம் இறைவனின் 13 இரக்கப் பண்புகளைச் சொல்லும் வேதப் பகுதி. பத்துப் பேர் கூடாமல் அதை வேண்டுதலாகச் சொல்லக் கூடாது. மன்னிப்பு கேட்கவும் அக்கம்பக்கத்தார் வேண்டும் என்ற இந்த விதி எனக்கு மிகவும் பிடிக்கும்.

எனக்குச் செபார்டி வழிதான் நெருக்கம். தினமும் பாடும் பாட்டு, புத்தகம் இல்லாமலே வாயில் வந்துவிடும். ஆனால் அந்த ஒற்றை நள்ளிரவின் திடுக்கிடலை நாற்பது விடியல்களும் தருவதில்லை.